வெள்ளி கவ்பாய் பக்கிள்: எல்லாரும் என்கிட்ட கேட்கிற கேள்விகளும் என் பதில்களும்

ஹூஸ்டன்ல வருஷா வருஷம் ரோடியோ (கவ்பாய்ங்க காளை, குதிரை மேல ஏறி ஆடுற போட்டித் திருவிழா) ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வர்ற வெள்ளிக்கிழமை 'கோ டெக்ஸன் டே'. அன்னிக்கு ஆபீஸ், ஸ்கூல்னு எல்லா இடத்துலயும் தொப்பி, பூட்ஸ், இடுப்புல பெரிய பக்கிள்னு கிளம்பி வந்துருவாங்க, நம்ம ஆளுங்களும் விடுறதில்ல. எனக்கு இந்த பக்கிள் பைத்தியம் உண்டுன்னு தெரிஞ்சதால அந்த சீசன்ல வர்ற மெசேஜ் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி முடியல, அதான் மொத்தமா இங்க எழுதிட்டேன். ஈஸியான கேள்வி மேல, வில்லங்கமானது கீழ.

அண்ணா, இது சாதா பெல்ட் பக்கிள்தானே, கொஞ்சம் பெருசு, அவ்ளோதானே?

அவ்ளோ மட்டும் இல்ல. நாம ஆபீஸுக்கு போடுற பெல்ட்ல ஒரு சட்டமும் நடுவுல ஒரு முள்ளும் இருக்கும். நீங்க படத்துல பார்க்கிற பெரிய கவ்பாய் பக்கிள் ஒரு முழு தகடு, முட்டை வடிவத்துலயோ சதுரமாவோ இருக்கும், லேசா வளைச்சிருப்பாங்க. பின்னாடி ஒரு பக்கம் பெல்ட்டை மாட்டுற வளையம், எதிர்ப்பக்கம் சின்னதா ஒரு கொக்கி. பெல்ட்டோட நுனி தகட்டுக்கு பின்னாடி போய் ஒளிஞ்சுக்கும், அதனால முன்னாடி முழுக்க வேலைப்பாட்டுக்கு இடம் கிடைக்கும்.

இன்னொரு குடும்பமும் இருக்கு, ரேஞ்சர் செட்னு சொல்லுவாங்க. அதுல பக்கிள் சின்னது, சட்டமும் முள்ளும் உள்ள டைப்தான், ஆனா கூடவே பெல்ட் நுனிக்கு ஒரு வெள்ளி மூடி, நுனியை அடக்கி வைக்க ஒண்ணு ரெண்டு வெள்ளி வளையம்னு செட்டா வரும், எல்லாத்துலயும் ஒரே பூவேலை ஓடும். பெருசு பெருசா போட கூச்சமா இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதைத்தான். என்னைக் கேட்டா அழகும் இதுதான் ஒரு படி மேல.

பழைய காலத்து கவ்பாய் எல்லாம் இதைத்தானே போட்டிருப்பாங்க?

இல்லங்க, இதை சொன்னா பாதி பேர் நம்ப மாட்டேங்கிறாங்க. டெக்சாஸ்ல இருந்து கான்சாஸ் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் மாட்டு மந்தையை மாசக்கணக்குல ஓட்டிட்டு போன காலம் 1860கள் கடைசில இருந்து 1880கள் வரைக்கும்தான். அந்த காலத்து பேன்ட்ல பெல்ட் போடுற பட்டியே பெரும்பாலும் கிடையாது. தோள்பட்டை வார் மாட்டுறதுக்கு பட்டன் இருக்கும், பின்பக்கம் இறுக்கிக்க ஒரு சின்ன பட்டை இருக்கும், அவ்ளோதான். லீவைஸ் ஆளுங்க செம்பு ரிவெட் (தையலை இறுக்கிப் பிடிக்கிற ஆணி) வச்ச பேன்ட்டுக்கு பேட்டன்ட் வாங்கினது 1873, அதே பேன்ட்ல பெல்ட் போடுற பட்டி வச்சதோ 1922ல. நடுவுல கிட்டத்தட்ட 50 வருஷம், கவ்பாய் காலமே முடிஞ்சு போச்சு.

பெல்ட்டே இல்லையான்னா இருந்துச்சு, துப்பாக்கியும் தோட்டாவும் மாட்ட பெல்ட் இருந்துச்சு, பட்டாளத்துக்காரங்களுக்கு பித்தளை தகடு பக்கிள் இருந்துச்சு, உள்நாட்டுப் போர்ல 'யு.எஸ்.'னு எழுத்து போட்ட முட்டை வடிவ பக்கிள் ரொம்ப பிரபலம். ஆனா வெயில்ல தூசில மாடு மேய்ச்சிட்டு போற கூலி ஆளு இடுப்புல செதுக்கின வெள்ளி தகடு மாட்டிக்கிட்டு திரிஞ்சான்கிறது சினிமாக்காரங்க நமக்கு காட்டின படம்.

அப்போ வெள்ளி எங்க இருந்து உள்ள வந்துச்சு?

மெக்சிகோல இருந்து. அமெரிக்க கவ்பாய்க்கு முன்னாடியே அங்க வாக்கேரோன்னு குதிரைல போய் மாடு மேய்க்கிறவங்க இருந்தாங்க, கயிறு வீசுறது, சேணம், காலுக்கு மாட்டுற தோல் கவசம்னு பாதி தொழில் அவங்ககிட்ட கத்துக்கிட்டதுதான். அவங்களுக்கு வெள்ளி மேல ஒரு பிரியம். கலிஃபோர்னியா பக்கம் ஸ்பானிஷ் காலத்துல இருந்தே குதிரையோட கடிவாள இரும்பு, குதிமுள் (பூட்ஸ் குதிகால்ல மாட்டுற முள்), சேணம் இதுல எல்லாம் வெள்ளியைப் பதிச்சு பூக்கொடி செதுக்குவாங்க. நெவாடால எல்கோங்கிற ஊர்ல ஜி.எஸ். கார்சியான்னு ஒருத்தரோட பட்டறை இந்த கடிவாளம், குதிமுள் வேலைக்கு பேர் போனது, 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சில அவரோட சேணத்துக்கு தங்க மெடல் கிடைச்சது. ஆக வெள்ளி முதல்ல ஏறினது குதிரை மேலதான், ஆள் இடுப்புக்கு வந்தது அப்புறம்.

அதை இடுப்புக்கு கொண்டு வந்ததுல ஹாலிவுட்டுக்கு பெரிய பங்கு. எட்வர்ட் போலின்னு ஸ்வீடன்ல 1895ல பிறந்த ஒரு ஆளு, கவ்பாய் ஆகணும்னு சின்ன வயசுலயே அமெரிக்கா ஓடி வந்தவர், வயோமிங்ல கொஞ்ச நாள் கடை போட்டுட்டு அப்புறம் ஹாலிவுட் போய் செட்டில் ஆயிட்டார். டாம் மிக்ஸ், ஜீன் ஆட்ரி, ராய் ராஜர்ஸ்னு அந்த கால கவ்பாய் ஹீரோ எல்லாம் அவர் கஸ்டமர். கறுப்பு வெள்ளை படத்துல வெள்ளி வேலை எப்படி பளிச்சுனு தெரியும்னு யோசிச்சு பாருங்க. தியேட்டர்ல அதைப் பார்த்த நிஜ கவ்பாய் அதே மாதிரி கேட்டு வாங்க ஆரம்பிச்சான். நிஜத்தைப் பார்த்து சினிமா எடுத்தாங்க, அப்புறம் சினிமாவைப் பார்த்து நிஜம் மாறிச்சு. இதனால இது போலி பாரம்பரியம்னு சிலர் நக்கல் பண்ணுவாங்க, நான் ஒத்துக்க மாட்டேன், உளி பிடிச்ச கை பழைய கைதான், அது செதுக்குற இடம்தான் மாறிச்சு.

ரோடியோல ஜெயிச்சா கப்பு தராம ஏன் பக்கிள் தராங்க?

ரோடியோ ஆடுறவன் ஒரு ஊர்ல தங்குறவன் கிடையாது. பிக்கப் டிரக்ல இந்த ஊர்ல இருந்து அடுத்த ஊருக்கு ராத்திரியோட ராத்திரியா ஓட்டிட்டு போறவன், கப்பை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்? பக்கிள்னா ஜெயிச்சதை இடுப்புல மாட்டிக்கிட்டே அடுத்த ஊர்ல இறங்கலாம். சேணமும் பரிசா தருவாங்க, ஆனா அதைப் போட்டுக்கிட்டு ஹோட்டலுக்கு சாப்பிட போக முடியாதே. ரோடியோ ரொம்ப பழசு, வயோமிங்ல நடக்கிற ஷயான் ஃபிரான்டியர் டேஸ் ரோடியோ 1897லயே ஆரம்பிச்சது, பரிசு பக்கிள் பழக்கம் 1920கள்ல இருந்து பரவிச்சு, அதாவது நான் மேல சொன்ன லீவைஸ் பெல்ட் பட்டி வந்த அதே காலம்.

இன்னொண்ணு, இவங்களுக்கு சம்பளம் கிடையாது. தன் கைக்காசுல நுழைவுக் கட்டணம் கட்டி ஆடணும், ஜெயிச்சாதான் காசு. பரிசுப் பணம் ரொம்ப கம்மியா இருக்குன்னு 1936ல பாஸ்டன்ல ஸ்ட்ரைக் பண்ணி சங்கமே ஆரம்பிச்சாங்க, சங்கத்துக்கு 'கவ்பாய்ஸ் டர்ட்டில் அசோசியேஷன்'னு ஆமை பேர் வச்சாங்க, அதுதான் பல பேர் மாறி இன்னிக்கு பி.ஆர்.சி.ஏ.வா (புரொஃபஷனல் ரோடியோ கவ்பாய்ஸ் அசோசியேஷன்) நிக்குது. அவங்களோட நேஷனல் ஃபைனல்ஸ் 1959ல டல்லஸ்ல தொடங்குச்சு, 1985ல லாஸ் வேகாஸ் போயிருச்சு. ஒவ்வொரு போட்டிலயும் அந்த வருஷம் அதிகமா சம்பாதிச்ச முதல் 15 பேர்தான் உள்ள போக முடியும், உலக சாம்பியனுக்கு தங்க பக்கிள். காளை மேல எட்டு செகண்ட் உட்காரணும், ஒரு கையை மேல தூக்கியே வச்சிருக்கணும், அது எதுலயும் படக்கூடாது, பட்டா ஸ்கோரே கிடையாது. அப்படி வருஷம் பூரா எலும்பை உடைச்சுக்கிட்டு வாங்கினதை யாராவது அலமாரில பூட்டி வைப்பாங்களா?

ஓடுறவங்களுக்கும் பக்கிள் தராங்களாமே, அது என்ன கூத்து?

நிஜம்தான். கலிஃபோர்னியால டெவிஸ் கப்னு 1955ல இருந்து ஒரு குதிரைப் போட்டி, 100 மைலை 24 மணி நேரத்துக்குள்ள முடிச்சா வெள்ளி பக்கிள். 1974ல கோர்டி ஐன்ஸ்லேன்னு ஒருத்தர் குதிரை இல்லாம அதே பாதையை கால்ல ஓடி 24 மணி நேரத்துக்குள்ள முடிச்சிட்டார். அதுல இருந்து வந்ததுதான் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் ஓட்டம், அங்க 24 மணி நேரத்துக்குள்ள முடிச்சா வெள்ளி, 30 மணி நேரத்துக்குள்ளன்னா வெண்கலம். இப்போ பல 100 மைல் ஓட்டத்துல பக்கிள்தான் மெடல்.

முழுக்க வெள்ளியா? கடைல ஜெர்மன் சில்வர்னு போட்டிருக்கே, அதுவும் ஓகேவா?

ஜெர்மன் சில்வர்ல வெள்ளி துளி கூட கிடையாது. நம்ம ஊர்ல கொலுவுக்கும் வளைகாப்புக்கும் ரிட்டர்ன் கிஃப்டா குங்குமச்சிமிழ் தர்றாங்களே, அதேதான், செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது. நிக்கல் சில்வர், அல்பாக்கான்னு வேற வேற பேர்ல வரும். கெட்ட உலோகம்னு சொல்ல மாட்டேன், உறுதியானது, தினம் போட்டு அடிக்கிற பக்கிளுக்கு நல்லாவே தாங்கும். வெள்ளின்னு நினைச்சு வெள்ளி விலை கொடுத்துடாதீங்க, அவ்ளோதான்.

நல்ல கைவேலை பக்கிள்ல போடுறது ஸ்டெர்லிங், நூத்துக்கு 92.5 வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி ரொம்ப மெத்து, கொக்கி மாட்டி இழுத்தா வளைஞ்சுரும், அதான் செம்பு. நடுவாந்தர ரகம் ஒண்ணு இருக்கு, அடித்தகடு ஜெர்மன் சில்வர், மேல ஒட்டுற தகடு மட்டும் ஸ்டெர்லிங். அதுக்கும் கீழ முலாம் பூசினது. ஃபேஷன் பக்கிள் பெரும்பாலும் முலாம்தான், ஓரம் தேய்ஞ்சா உள்ள இருக்கிற மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

கையால செதுக்கினதா மெஷின் அடிச்சதான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

முதல்ல திருப்பிப் பாருங்க. முன்பக்கத்தை எல்லாரும் அழகா காட்டுவாங்க, பின்பக்கத்துல தெரிஞ்சுரும் யாரு வேலைக்காரன்னு. கொக்கியும் வளையமும் பத்த வச்ச இடம் நிரவலா, பொடி (உருக்கி ஒட்டுற உலோகக் கலவை) வழியாம இருக்கணும், செஞ்சவரோட முத்திரையும் 'ஸ்டெர்லிங்' இல்லன்னா '925'ங்கிற அடையாளமும் இருக்கணும். முன்பக்கத்துல இருக்கிற பூ பின்பக்கம் நிழல் மாதிரி எழும்பி தெரிஞ்சா அது அச்சுல அடிச்சது. குட்டிக் குட்டி ஊசி ஓட்டை தெரிஞ்சா வார்ப்பு.

அப்புறம் முன்பக்கம், கைல ஒரு லென்ஸ் இருந்தா நல்லது. கைல உளி பிடிச்சு வெட்டும்போது அதைச் சாய்ச்சுப் பிடிப்பாங்க, அதனால கோட்டோட ஒரு பக்கம் சரிவா கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும். கோடு மெல்லிசா ஆரம்பிச்சு, வளைவுல தடிச்சு, மறுபடி மெலிஞ்சு முடியும். பக்கிளை விளக்குக்கு கீழ மெதுவா ஆட்டினா ஒவ்வொரு இலையா மாத்தி மாத்தி மின்னும். லேசர் வெட்டினதுல ஆழம் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே அளவு, அடி தட்டையா மொழுமொழுன்னு இருக்கும், எவ்ளோ ஆட்டினாலும் ஒரே மாதிரிதான் தெரியும். ரெண்டு இலையை பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்து துளி வித்தியாசம் கூட இல்லைன்னா சந்தேகப்படுங்க.

செய்றது எப்படி? நம்ம பத்தர் பட்டறை மாதிரிதானா?

கிட்டத்தட்ட. ஸ்டெர்லிங் தகட்டை ரம்பத்துல அறுத்து அச்சுல வச்சு வளைக்கிறாங்க, ஓரத்துக்கு ரெண்டு கம்பியை முறுக்கி கயிறு மாதிரி பண்ணி பொடி வச்சு ஊதுறாங்க. குதிரைத் தலை, பேரோட முதல் எழுத்து, பண்ணையோட சூட்டுக்குறி எல்லாம் தனித்தனியா மெல்லிய ரம்பத்துல அறுத்து மேல ஒட்டுறாங்க, இது பெரும்பாலும் மஞ்சள்ல இருக்கும், விலையைப் பொறுத்து தங்கமோ பித்தளை ரக உலோகமோ. வெண்காரம் போட்டு ஊதி, அமிலத் தண்ணில போட்டு கருக்கல் எடுத்து, அப்புறம் அரக்கு மாதிரி ஒரு பிசின்ல பதிச்சு வச்சு செதுக்குறாங்க. இப்போ நிறைய பேர் காத்தழுத்தத்துல ஓடுற உளி வச்சிருக்காங்க, சில பழைய ஆளுங்க இன்னும் உளியும் சுத்தியும்தான். காத்து உளின்னா மெஷின் வேலைன்னு நினைச்சிராதீங்க, கோட்டை ஓட்டுறது கைதான்.

செதுக்கி முடிச்சதும் கந்தகக் கலவை தடவி முழுசா கருக்க விடுவாங்க, பிறகு மேட்டுப் பகுதியை மட்டும் பாலிஷ் போடுவாங்க. பள்ளத்துல கருப்பு தங்கிரும், பூ எழும்பித் தெரியும். இந்த கருப்பை ஞாபகம் வச்சுக்கங்க, கீழ மறுபடி வரும்.

கிராம் கணக்கு போட்டா இவ்ளோ விலை வரலையே, ஏமாத்துறாங்களா?

இது நம்ம ஆளுங்க மட்டுமே கேட்கிற கேள்வி, அதுல தப்பும் இல்ல, செய்கூலி சேதாரம்னு பிரிச்சுக் கேட்டே வளர்ந்தவங்க நாம. நாலுக்கு மூணு இஞ்ச் முட்டை வடிவம், 16 கேஜ் தகடுன்னா தடிமன் 1.3 மில்லிக்கு பக்கம், அடித்தகடு மட்டுமே சுமார் 80 கிராம் வரும், கயிறு, எழுத்து, கொக்கி தனி. வெள்ளி விலையை அதோட பெருக்கிட்டு பக்கிள் விலையைப் பார்த்தா தலை சுத்தத்தான் செய்யும். ஆனா இங்க கிராம் கணக்கே கிடையாது, விலைல பெரும்பங்கு செதுக்குறவரோட நேரமும் பேரும். முழு ஸ்டெர்லிங் கைவேலைன்னா பல நூறு டாலர்ல ஆரம்பிச்சு ஆயிரக்கணக்குல போகும்.

அதனால திருப்பி விக்கும்போது உருக்குற விலைல யோசிக்கிறவன்கிட்ட கொடுத்தா நஷ்டம் உங்களுக்குத்தான். முதலீடுன்னு வாங்க நினைச்சா, நேரா வெள்ளிக் கட்டி வாங்கிருங்க.

நம்ம ஊர் ஹால்மார்க் மாதிரி கவர்மென்ட் முத்திரை எதாவது உண்டா?

அமெரிக்கால அரசாங்கம் சோதிச்சு முத்திரை அடிக்கிற ஏற்பாடு கிடையாது. 1906ல ஒரு சட்டம் போட்டாங்க, 'ஸ்டெர்லிங்'னு அடிச்சா அந்த தரம் இருக்கணும்னு. 1961ல திருத்தம், தரத்தை அடிச்சா கூடவே செஞ்சவரோட பதிவு பண்ணின முத்திரையும் அடிக்கணும்னு. அதனால '925'னு மட்டும் இருந்து பக்கத்துல யாரோட அடையாளமும் இல்லைன்னா கொஞ்சம் யோசிங்க. மேல சொன்ன மாதிரி, பின்பக்கம்.

டர்க்காய்ஸ்னு நீலப்பச்சைக் கல் வச்ச நவஹோ பக்கிளும் இதுவும் ஒண்ணா?

சொந்தக்காரங்கன்னு சொல்லலாம், ஒண்ணு இல்ல. அமெரிக்கப் பழங்குடியான நவஹோ மக்கள்ல முதல் வெள்ளி வேலைக்காரர்னு சொல்றது அட்சிடி சானிங்கிறவரை, 19ஆம் நூற்றாண்டு நடுவுல, அவரும் மெக்சிகோ ஆளுகிட்டதான் உலோக வேலை கத்துக்கிட்டார்னு சொல்வாங்க. 1864ல அமெரிக்க ராணுவம் அந்த மக்களை நூத்துக்கணக்கான மைல் நடக்க வச்சு நியூ மெக்சிகோல போஸ்கே ரெடோண்டோங்கிற இடத்துல கொண்டு போய் அடைச்சது, 1868ல ஊர் திரும்பினதுக்கு அப்புறம்தான் வெள்ளி வேலை அங்க நல்லா பரவிச்சு. ஆரம்பத்துல வெள்ளி நாணயத்தை தட்டித்தான் செஞ்சாங்க. வட்ட வட்டமா தகடு கோர்த்த கொஞ்சா பெல்ட் அவங்களோடது. கவ்பாய் பாணி பூக்கொடி செதுக்கல்னா, அவங்களோடது அச்சு முத்திரை, மணல் வார்ப்பு, டர்க்காய்ஸ்.

வாங்கும்போது கவனம். ஹௌலைட்னு ஒரு வெள்ளைக் கல்லுக்கு சாயம் ஏத்தி டர்க்காய்ஸ்னு தள்ளி விடுவாங்க. பழங்குடி மக்கள் செய்யாததை அவங்க செஞ்சதுன்னு சொல்லி விக்கிறது அமெரிக்கால 1990 சட்டப்படி குற்றம், ஜெயில் வரைக்கும் போகும். 'நேட்டிவ் ஸ்டைல்'னு எழுதியிருந்தா அது நேட்டிவ் இல்லைன்னுதான் பெரும்பாலும் அர்த்தம்.

என் ஆபீஸ் பெல்ட்ல மாட்டலாமா?

மாட்டினாலும் நல்லா இருக்காது. பெரிய தகடு பக்கிளோட பின் வளையம் பெரும்பாலும் ஒன்றரை இஞ்ச், அதாவது 38 மில்லி பெல்ட்டுக்கு செஞ்சது. ஆபீஸ் பெல்ட் பெரும்பாலும் 35 மில்லிக்கு மேல போகாது, மெல்லிசு வேற, கனத்துல பக்கிள் முன்னாடி தொங்கும். கெட்டித் தோல்ல, பக்கிள் பக்கம் அழுத்து பட்டன் வச்ச பெல்ட் வாங்குங்க, மாத்தி மாத்தி மாட்டலாம். உட்காரும்போது வயித்துல குத்துதுன்னு சொல்றவங்க (நானும் அந்த கட்சிதான்) சின்ன சைஸ் எடுங்க. ஏர்போர்ட்ல கழட்டி ட்ரேல வச்சிருங்க.

பெண்கள் போடலாமா?

குதிரைல பீப்பாயைச் சுத்தி ஓட்டுற பேரல் ரேஸ்ல பெண்கள் ஜெயிச்சு வாங்குறாங்களே. 1948ல டெக்சாஸ்ல இருக்கிற சான் ஏஞ்சலோல தங்களுக்குன்னு தனி ரோடியோ சங்கமே ஆரம்பிச்சாங்க. தாராளமா போடுங்க.

கருத்துப் போச்சு, விபூதி போட்டு தேய்ச்சுரலாமா?

ஐயோ வேண்டாம். கொலுசு, குத்துவிளக்குக்கு நம்ம வீட்ல செய்றது சரி, ஆனா இங்க பள்ளத்துல இருக்கிற கருப்பு அழுக்கு இல்ல, நான் மேல சொன்ன, வேணும்னே வச்ச கருப்பு. விபூதியோ டூத் பேஸ்ட்டோ போட்டு தேய்ச்சா அதுவும் போகும், செதுக்கின ஓரத்தோட கூர்மையும் மழுங்கிரும். முக்கி எடுக்கிற வெள்ளி கிளீனர் இன்னும் மோசம், ஒரே முக்குல மொத்தமா வெளுத்து பூவே தெரியாத மாதிரி ஆயிரும். டர்க்காய்ஸ் இருந்தா கல்லும் உறிஞ்சி நிறம் மாறிரும்.

மெத்துன்னு இருக்கிற வெள்ளி பாலிஷ் துணியால மேட்டுப் பகுதியை மட்டும் துடைங்க, போதும். ரப்பர் பேண்ட் சுத்தி வைக்காதீங்க, ரப்பர்ல கந்தகம் இருக்கு, அந்த இடம் கோடு போட்ட மாதிரி கருக்கும். காத்து புகாத ஜிப் கவர் நல்லது. உண்மைல தினம் போட்டாலே பாதி கருக்காது, சட்டைல உரசி உரசி தானா மினுங்கும்.

பழைய சாமான் கடைல ஒரிஜினல் சாம்பியன் பக்கிள் சல்லிசா கிடைக்குது, வாங்கி போட்டுக்கலாமா?

வாங்கலாம், வச்சுக்கலாம், போட்டுட்டு ரோடியோ பக்கம் போகாதீங்க. 'புல் ரைடிங் சாம்பியன்'னு வருஷத்தோட எழுதியிருக்கும், யாராவது ஒரு பெரியவர் கிட்ட வந்து, எந்த ஊர்ல ஜெயிச்சீங்க தம்பின்னு கேட்பார், நக்கலுக்கு இல்ல, நிஜமாவே பேச ஆசைப்பட்டு. சட்டம் எதுவும் தடுக்கல, ஆனா அந்த வட்டாரத்துல அது மரியாதை இல்ல. அப்பா ஜெயிச்சதை மகன் போடுறது வேற விஷயம், அதை யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. எழுத்து இல்லாத பூவேலை, உங்க முதல் எழுத்து, குதிரை, லாடம் இதெல்லாம் யார் வேணா போடலாம்.

கடைசியா ஒண்ணு, சேலத்துலயோ கும்பகோணத்துலயோ நம்ம வெள்ளி வேலைக்காரர்கிட்டயே செஞ்சு வாங்கிட்டா என்ன?

எனக்கு ரொம்ப பிடிச்ச ஐடியா இது. கை அவங்ககிட்ட இருக்கு, பக்கிளோட இலக்கணம் மட்டும்தான் புதுசு. கொண்டு போகும்போது போட்டோ மட்டும் காட்டாதீங்க, உங்க பெல்ட்டையே எடுத்துட்டு போங்க. தகடு ஒண்ணேகால் மில்லிக்கு குறைய வேண்டாம், 92.5 போதும், சுத்த வெள்ளி கேட்காதீங்க. இடுப்புக்கு தக்க வளைவு வேணும்னு சொல்லுங்க, தட்டையா செஞ்சா உட்காரவே முடியாது. வளையத்தோட உள் அகலம் 38 மில்லி பெல்ட்டுக்கு ஒரு மில்லி ரெண்டு மில்லி கூடவே இருக்கட்டும்.

டிசைனுக்கு அமெரிக்கப் பூவையே காப்பி அடிக்கச் சொல்லணும்னு இல்ல. அன்னம், யாளி, மாங்காய்னு அவங்க கைக்கு ஓடுறதை செதுக்க விட்டா அது இன்னும் உயிரோட வரும், ஏன்னா பழகாத கோட்டை பார்த்து வரைஞ்சா உளி தயங்கும், அந்த தயக்கம் லென்ஸே இல்லாம தெரியும். கம்பெனி லோகோ, நவஹோ முத்திரை இதெல்லாம் வேண்டாம். பின்னாடி கொக்கியை மட்டும் கெட்டியான உலோகத்துல கேளுங்க, ஊதின சூட்டுல வெள்ளி மெத்துன்னு ஆயிரும், தினம் இழுபடுற இடம் அது. கடைசில அவர் முத்திரையை பின்பக்கம் அடிச்சுத் தரச் சொல்லுங்க, கூச்சப்பட்டு வேண்டாம்பாரு, விடாதீங்க.